ரம்பையின் மேல் விழுந்த பழி

குலுக்குதா? சார், சார்... வேற எந்த வார்த்த வேணும்னாலும் சொல்லுங்க. வண்டி நாறுதுன்னு சொல்லுங்க, குதிர கெழவின்னு சொல்லுங்க, வண்டிக்காரன் வாயாடின்னு சொல்லுங்க, எல்லாத்தையும் வாங்கிக்கிறேன். குலுக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்த ஒரு வார்த்தையால நான் பட்ட பாடு இருக்குதே... அய்யய்ய! எதிரிக்கும் வேணாம் சார்.

நல்லா உள்ள தள்ளி ஒக்காருங்க. பொட்டிய எதுக்கு கட்டிப் புடிச்சிக்கினு இருக்கீங்க, கீழ வெய்ங்க, வைக்கோலு மேல. ஆங். பட்டுப் பொடவ எடுக்க வந்தீங்களா? மூஞ்சியிலயே தெரியுது, பொண்ணு கல்யாணம். பெரிய காஞ்சிபுரந்தானே? நம்ம ரம்பை கண்ண மூடிக்கினு போவா. ரம்பை யாரா? இதோ முன்னால வால ஆட்டிக்கினு போறாளே, இவதான். சிரிக்காதீங்க சார். வாங்கும்போது நல்லா அழகாத்தான் இருந்தா.

இந்தக் குதிரதான் சார் மூணு புள்ளைங்கள முழுங்குச்சின்னு ஊரே சொல்லிச்சி.

எறங்காதீங்க, எறங்காதீங்க! முழுசா கேளுங்க. இவ முழுங்கவும் இல்ல, முட்டவும் இல்ல. கொள்ளு வெச்சாலே பாதிய கீழ சிந்துவா. எனக்குப் பேரு கண்ணாயிரம் சார். ஸ்டேஷன்ல எந்த வண்டிக்காரன வேணும்னா கேளுங்க... இல்ல, பரசுராமன மட்டும் கேக்காதீங்க. அவன் ஒரு தனிக் கத, வரேன் அதுக்கு.

எங்க தெருவுக்கு அடுத்த தெருவுல உமாபதின்னு ஒரு பையன். பட்டு நெய்யறவன். தறியில ஒக்காந்தான்னா தறிதான் பேசும், அவன் பேச மாட்டான். அவன் பேச வேண்டியதையும் சேத்து அவங்க அம்மா லோகாம்பாள் பேசிடும். அந்தம்மா கொரலு இருக்குதே, நெல்லு மில்லு சங்கு தோத்துப் போவும். அந்த வூட்டுக்கு, இங்க பக்கத்துல இருக்கற கூரத்துலேர்ந்து மருமவளா வந்துச்சி ஒரு பொண்ணு. ஏலவார்குழலின்னு பேரு. நம்ம ஏகாம்பரநாதர் கோயில் அம்மன் பேரு சார். முழுப் பேரச் சொல்லிக் கூப்டு முடிக்கறதுக்குள்ள சோறு ஆறிடும்னு எல்லாரும் குழலின்னு கூப்டுவாங்க. நல்ல பொண்ணு. என் வண்டியில ஏறும்போதெல்லாம் முந்தானையில வெல்லம் முடிஞ்சிக்கினு வரும், ரம்பைக்கு. "ண்ணா, இது என்னப் பாத்து சிரிக்குதுண்ணா"ன்னும். குதிர எங்க சிரிக்கறது? வெல்லத்தப் பாத்து பல்லக் காட்டும், அவ்ளோதான். ஆனா அந்தப் பொண்ணு சொன்னா நானும் ஆமாம்னுடுவேன்.

குழலி முழுகாம இருந்துச்சி. அஞ்சாம் மாசம் தாய் வூட்ல பூ வெச்சி விருந்து போடறதுக்குக் கூரத்துக்குக் கூட்டிக்கினு போனாங்க. யாரு வண்டியில? நம்ம வண்டியிலதான். போயி, தின்னுட்டு, திரும்பியும் நம்ம வண்டியிலதான் வந்தாங்க. வந்த கொஞ்ச நாள்ல... தங்கல சார். போயிடுச்சி.

அப்ப என் மேல ஒண்ணும் வரல. அப்ப பழி பல்லி மேல. கூரத்துல விருந்து திங்கும்போது பொண்ணு தோள்ல பல்லி விழுந்துச்சாம். பப்பாளி தின்னிச்சான்னு விசாரிச்சாங்க. தின்னல. பப்பாளி மரத்துக்கு அடியில நின்னிச்சான்னு விசாரிச்சாங்க. நின்னிச்சாம்! புடிச்சிக்கினாங்க. மரத்த வெட்டினாங்க சார், சத்தியமா. பக்கத்து வூட்டுக்காரன் மரம்! அதுல ஒரு சண்ட, பஞ்சாயத்து...

ஏய், நட, நட. இந்தத் திருப்பத்துல டீக்கடை இருக்குது, பிஸ்கோத்து போடுவாங்கன்னு நின்னுடுவா.

ரெண்டாவது தபா. அதே அஞ்சாம் மாசம், அதே கூரம், அதே வண்டி. திரும்பி வந்தாங்க. ஒரு நாள் காலையில தண்ணி ஒடைஞ்சி, ஆச்சுது. இப்ப பல்லி இல்ல, மரமும் வெட்டியாச்சு. லோகாம்பாள் யோசிச்சிது. ரெண்டு தபாவும் பொதுவா இருந்தது இன்னா? கண்ணாயிரம் வண்டி! "அந்தக் குதிர குலுக்கித்தான்டி என் பேரப்புள்ள நழுவிடுச்சி!"ன்னு தெருவுல நின்னு ஒரே ஒரு தபாதான் சொல்லிச்சி. அந்தம்மாவுக்கு ஒரு தபா போதுமே! சாயங்காலத்துக்குள்ள விஷயம் சின்ன காஞ்சிபுரம் வரைக்கும் போயிடுச்சி.

இங்கதான் பரசுராமன் வரான். எனக்குப் பக்கத்துல வண்டி நிறுத்தறவன். சவாரி வந்தா, "அம்மா, நீங்க முழுகாம இருக்கீங்களா? அப்படின்னா அந்த வண்டியில ஏறாதீங்க, நம்ம வண்டி ஊஞ்சல் மாதிரி"ம்பான். ஊஞ்சலாம்! அவன் வண்டியில ஏறினா நாக்கு பல்லுல மாட்டிக்கும். மொதல்ல புள்ளத்தாச்சிங்க ஏறல. அப்பறம் கல்யாணம் ஆன பொண்ணுங்க ஏறல. அப்பறம் கல்யாணம் ஆவாததுங்களும், எதுக்கு வம்புன்னு ஏறல. கடசியில முட்ட வியாபாரி, பொட்டணத்தோட வந்தவன், என்னப் பாத்துட்டு அந்தாண்ட போறான் சார்! முட்டைக்கும் எனக்கும் இன்னா பகை? என் பொண்டாட்டி காந்தா சொல்றா, குதிரைக்குப் பேர மாத்துய்யான்னு. பேர மாத்தினா? அதே மூஞ்சிதானே!

கேளுங்க, கேளுங்க, இப்பத்தான் வேடிக்க. மூணாவது தபா. அந்த ஆடி மாசம் நெலாவுல மனுசன் எறங்கினான் பாருங்க, ரேடியோவுல சொன்னாங்களே, அப்ப குழலிக்கு அஞ்சாம் மாசம். ஆடிக்குத் தாய் வூட்டுக்கு அனுப்பணும். என் வண்டி கிட்டயே வரக்கூடாதுன்னுட்டாங்க. ஒரு ஜவுளிக் கடக்காரரு கிட்ட கேட்டு பிளஷர் கார் கொண்டாந்தாங்க. கப்பல் மாதிரி காரு. மெத்த சீட்டு. அதுக்கு மேல தலவாணி வேற. நான் ஓரமா நின்னு பாத்துக்கினு இருந்தேன். எனக்கு ஒரு பக்கம் வயித்தெரிச்சல், ஒரு பக்கம்... சாமி, இந்தத் தபாவாவது நல்லபடியா ஆவட்டும்னு.

ஆவல சார்.

காருல போயும் ஆவல.

நான் இன்னா நெனச்சேன்? பாவம் பொண்ணு, ஆனா நம்ம பழி தீந்துச்சின்னு நெனச்சேன். காரு குலுக்கலியே! லோகாம்பாள் வுடுமா? மொதல்ல நெலாவுல கால வெச்சதால வந்த தோஷம்னுச்சி. அது புள்ளத்தாச்சி பாக்கக்கூடாத கெரகணம் மாதிரியாம். சரி, நெலாவோட போச்சுன்னு பாத்தா, கூடவே இன்னா சொல்லுது தெரியுமா? காரு கூரத்துக்குப் போற வழியில என் வண்டிய தாண்டிக்கினு போச்சாம். ரம்பை காரப் பாத்து கனச்சிச்சாம். அந்தக் கனப்புல பொண்ணு வயிறு அதிர்ந்துடுச்சாம்! நெலாவுல ரெண்டு பேரு, பூமியில நானு. மூணு பேரு சேந்து அந்தப் புள்ளய கெடுத்துட்டோமாம்.

எனக்கு வந்துச்சி பாருங்க கோவம்! நேரா போயி அந்தம்மாவ நாலு கேள்வி கேட்டுடணும்னு போனேன். வாசல்ல குழலி ஒக்காந்துக்கினு இருக்குது. ஊடு நூல் சுத்தற ராட்டினம் முன்னால இருக்குது, கை சும்மா இருக்குது. என்னப் பாத்துச்சி. "ரம்பை எப்பிடி இருக்குதுண்ணா?"ன்னு கேட்டுச்சி. எனக்கு நாலு கேள்வியும் மறந்து போச்சி. நல்லா இருக்குதும்மான்னேன். அப்பறம் அது மெள்ள சொல்லுது, "வலியே இல்லண்ணா. மூணு தபாவும் வலியே இல்ல. ஒரு வலி வந்திருந்தா, வருதுன்னு தெரிஞ்சி, எதையாவது கெட்டியா புடிச்சிக்கினு இருந்திருப்பேன். ஒண்ணுமே தெரியலண்ணா. சும்மா நழுவிப் பூடுது"ன்னுச்சி.

...

நான் வந்துட்டேன் சார். வண்டியில ஏறி ஒக்காந்தேன், ஓட்ட மனசு வரல. ரம்பை தானா வூட்டுக்குக் கூட்டிக்கினு வந்துட்டா.

மக்கா நாளு ஒரு முடிவு பண்ணேன். இந்தப் பழி தீரணும்னா படிச்சவங்க வாயால தீரணும். ரயில்வே ரோட்டுல லில்லி டாக்டரம்மான்னு ஒருத்தங்க ஆஸ்பத்திரி வெச்சிருக்காங்க. சின்னதுதான். சிரிப்பே வராது அவங்களுக்கு, கைராசின்னு மட்டும் பேரு. போயி பொம்பளைங்களோட வரிசையில ஒக்காந்தேன். எல்லாரும் என்ன ஒரு மாதிரியா பாக்கறாங்க. என் மொற வந்துச்சி.

"இன்னாப்பா வேணும்?"

"சர்டிபிகேட் வேணும்மா."

"ஒடம்புக்கு இன்னா?"

"எனக்கு இல்லம்மா. குதிரைக்கு."

"மாட்டாஸ்பத்திரி அந்தாண்ட இருக்குது."

இல்லம்மா, இல்லம்மான்னு மொத்தக் கதையும் சொன்னேன். பல்லி, பப்பாளி, காரு, நெலா, எல்லாம். 'கண்ணாயிரம் வண்டியால கர்ப்பத்துக்குச் சேதாரம் இல்ல'ன்னு ஒரு வரி எழுதி முத்திர குத்திக் குடுங்க, வண்டியில தொங்க வுட்டுக்கறேன்னேன். அவங்க கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டு, "ஏம்ப்பா, வண்டி குலுக்கி அஞ்சாம் மாசத்துப் புள்ள விழும்னா, இந்த ஊரு ரோட்டுக்கு ஒரு புள்ளயும் பொறக்காதே"ன்னாங்க. அத்தத்தாம்மா எழுதிக் குடுங்கன்னேன்! முடியாதுன்னுட்டாங்க. சரி, கெளம்பறேன்னு எழுந்தேன். எழுந்தவன் சும்மா வரக்கூடாது? வாய் நிக்காதே எனக்கு. "பாவம்மா, அந்தப் பொண்ணு வலியே இல்ல, நழுவிப் பூடுதுங்குது"ன்னேன்.

அந்தம்மா நிமிந்து பாத்தாங்க. "இன்னா சொன்னே? வலியே இல்லன்னா சொன்னா? மூணு தபாவுமா? அஞ்சாம் மாசமேவா?"

ஆமாம்மான்னேன்.

"ஒக்காரு"ன்னாங்க. "அந்தப் பொண்ண இங்க கூட்டிக்கினு வா. குதிரைக்கு அதான் சர்டிபிகேட்."

கூட்டிக்கினு வான்னா, எப்பிடி? அந்த வூட்டு வாசல்ல என் நெழல் பட்டாலே லோகாம்பாள் சாணி கரைச்சிக்கினு வருது. போயி நின்னேன். "டாக்டரம்மா குழலிய வரச் சொன்னாங்க"ன்னேன். அவ்ளோதான்! "வயித்துல இருந்தத கொட்டினது பத்தாதுன்னு கத்தி வெக்கற எடத்துக்கு வேற இட்டுக்கினு போறியா? ஆஸ்பத்திரிக்குப் போறது நாலு வியாதி வாங்கிக்கினு வரத்துக்கா?"ன்னு ஆரம்பிச்சிது. தெருவே கூடிப் போச்சி. பரசுராமன் கூட வந்து நிக்கறான் சார், சவாரிய வுட்டுட்டு!

அப்ப அந்தப் பொண்ணு உள்ளேர்ந்து வந்துச்சி. பொடவ மாத்திக்கினு, தல வாரிக்கினு, கையில ஒரு மஞ்சப் பை. கல்யாணம் ஆன நாளா மாமியாருக்கு எதுர்ல வாயத் தொறக்காத பொண்ணு. "நான் போறேன் அத்த"ன்னுச்சி. கத்தி இல்ல, சும்மா சோறு ஆச்சின்னு சொல்ற மாதிரி. சொல்லிட்டு நேரா வந்து வண்டியில ஏறி ஒக்காந்துச்சி. எந்த வண்டியில? இதே வண்டியில, இதோ நீங்க ஒக்காந்துக்கினு இருக்கற அதே எடத்துல! "ஓட்டுங்கண்ணா"ன்னுச்சி.

அப்ப உள்ள தறி சத்தம் நின்னுச்சி. உமாபதி வெளிய வந்தான். எல்லாரும் அவன் வாயையே பாக்கறாங்க, அது எப்பிடி இருக்கும்னே பாதிப் பேருக்குத் தெரியாது. "நானும் வரேன்"னான். ஏறிட்டான். லோகாம்பாள் ரெண்டு பக்கமும் பாத்துச்சி. "நான் இல்லாம இதுங்களுக்கு இன்னா கேக்கத் தெரியும்?"னு அதுவும் ஏறிடுச்சி! ஏறி ஒக்காந்து, வழி பூரா, குலுக்குது, குலுக்குதுன்னு ஒரே பாட்டு.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா ரூமு ஜன்னலுக்கு வெளியதான் வண்டிய நிறுத்துவேன். நான் ஒட்டுக் கேக்கல சார். லோகாம்பாள் உள்ள இருந்தா யாரும் ஒட்ட வேண்டியதில்ல. டாக்டரம்மா சொல்றாங்க, இப்பிடி நாலு அஞ்சு மாசத்துல திரும்பத் திரும்பப் போறதுக்குப் பல காரணம் இருக்கலாம், ஒண்ணொண்ணா பாத்து ஒதுக்கணும்னு. ரத்தத்துல சக்கர இருக்கலாமாம். கர்ப்பப்பையில கட்டி இருக்கலாமாம், இல்லன்னா பை உள்ளுக்குள்ளயே சொவரு வெச்ச மாதிரி ரெண்டா பிரிஞ்சிருக்கலாமாம். ரத்தத்துல ஒரு மாதிரியான சீக்கு இருந்தாலும் ஆவுமாம், அது புருசன் கிட்டேர்ந்து வரதுங்கறதால ரெண்டு பேரு ரத்தத்தையும் எடுக்கணும்னாங்க.

வெடிச்சிது பாருங்க! "என் புள்ள ரத்தமா? அவனா சொமந்தான்?"

டாக்டரம்மா சொன்னாங்க, "புள்ளயில பாதி அவரோடதும் தானேம்மா?"

லோகாம்பாள் அதுக்குப் பதில் தேடறதுக்குள்ள உமாபதி கைய நீட்டிட்டான். நீட்டினானா? ஊசியப் பாத்தான். தொப்புனு மல்லாந்துட்டான்! ஒரு பொடவைக்கு ஆயிரக்கணக்குல இழைய கையால கட்டறவன், ஒரு ஊசிக்கு விழுந்தான். நான்தான் உள்ள ஓடிப் போயி தண்ணி தெளிச்சேன். குழலி அன்னைக்கு சிரிச்சிது சார். ரொம்ப நாளு கழிச்சி.

ரத்தத்துல ஒண்ணும் இல்ல, ரெண்டு பேருக்கும். சக்கர இல்ல. கட்டி இல்ல. டாக்டரம்மா சோதிச்சிப் பாத்துட்டுச் சொன்னாங்க... இத்த எப்பிடி சொல்றது? நீங்களும் ஆம்பள, நானும் ஆம்பள. அந்தப் பக்கம் பாத்துக்கினே சொல்றேன். கர்ப்பப்பைக்கு வாய் இருக்குதாம் சார். அது மாசம் ஆவற வரைக்கும் கெட்டியா மூடிக்கினு இருக்கணுமாம். சில பேருக்கு அது லூசா இருக்குமாம். சின்னதா இருக்கற வரைக்கும் தாங்கும், நாலு அஞ்சு மாசத்துல புள்ள கனம் ஏறினதும், வலிகிலி இல்லாம தானா தொறந்துக்குமாம். எனக்குச் சட்டுனு புரிஞ்சிடுச்சி. கொள்ளுப் பையில பொத்தல் இல்ல, கொள்ளுலயும் குத்தம் இல்ல, வாய்க்கட்டு நெகிழுது! அவ்ளோதானே?

குழலி கேட்டுச்சி, "நான் இன்னா தப்பு பண்ணேம்மா?"னு. அதுக்கு டாக்டரம்மா, "நீ ஒண்ணும் பண்ணலம்மா. நீ நடந்ததாலயும் இல்ல, குனிஞ்சதாலயும் இல்ல, வண்டியில ஏறினதாலயும் இல்ல. சில பேருக்கு இது பொறவியிலயே இப்பிடி"ன்னாங்க. வண்டியில ஏறினதாலயும் இல்ல! ஜன்னல் வழியா நல்லா கேட்டுச்சி. ரம்பை கழுத்தக் கட்டிக்கினு அழுதேன் சார் நானு. அவ என் சட்டப் பொத்தான தின்னுட்டா.

அடுத்த தபா தள்ளிப் போனா ஒடனே வா, நாலாம் மாசம் அந்த வாய சுத்தி ஒரு தையல் போட்டு இறுக்கிடலாம், ஒம்பதாம் மாசம் பிரிச்சிடலாம்னு சொல்லி அனுப்பினாங்க. அப்பிடியே ஆச்சி. அடுத்த வருசம் நாள் தள்ளிச்சி, நாலாம் மாசம் போனாங்க. உமாபதி மொத தபாவா டாக்டரம்மா கிட்ட ஒரு கேள்வி கேட்டான். "எந்த நூலும்மா?"

"பட்டு நூல்."

அப்பப் பாக்கணுமே அவன் மூஞ்சிய! "எத்தன புரி?"ங்கறான். "முறுக்கு எப்பிடி?"ங்கறான். இத்தன நாளா சும்மா கெடந்தவன், நூலுன்னதும் வாய் தொறந்துக்கிச்சி, மூட மாட்டேங்குது. டாக்டரம்மா நூலக் காட்டினாங்க. கருப்பு! லோகாம்பாள் மார்ல அடிச்சிக்கினு, "நல்ல காரியத்துக்குக் கருப்பு நூலா?"ன்னுச்சி. ஓடிப் போயி வூட்லேர்ந்து ஒரு கண்டு மஞ்சப் பட்டு கொண்டாந்தாங்க, அம்மாவும் புள்ளையும். எங்க தறியில இருந்த நூலு, அறுந்ததே கெடையாது, இத்தப் போடுங்கன்னு. டாக்டரம்மா, "நான் முந்தான நெய்யலம்மா, தையல் போடறேன். வெளிய போங்க ரெண்டு பேரும்"னு கதவ சாத்திட்டாங்க. நானும் வெளியதான் இருந்தேன், மூணு பேரா ஒக்காந்துக்கினு இருந்தோம், மடியில மஞ்ச நூல வெச்சிக்கினு. அந்தம்மா நூல வெரலுல சுத்தறதும் அவுக்கறதுமா இருந்துச்சி சார். என் பக்கத்துல ஒக்காந்துக்கினு இருந்ததையும் மறந்துடுச்சி.

அதுக்கப்பறம் படுக்கையிலதான் இருக்கணும்னாங்க. கட்டிலு கால்மாட்டுக்கு அடியில செங்கல்லு வெச்சி ஒசத்தினாங்க. அதுக்கும் லோகாம்பாள் பொலம்பல். "மாமியா மூஞ்சிக்கு நேரா கால நீட்டிக்கினு படுத்திருக்கா, கேக்க நாதியில்ல"ன்னு தெரு பூரா சொல்லும். சொல்லிட்டு உள்ள போயி மருமவளுக்குச் சோறு ஊட்டும். அஞ்சாம் மாசம் வந்துச்சி. கூரத்துக்கு யாரும் போவல, கூரம்தான் இங்க வந்துச்சி பூவோட. அந்த மாசம் பூரா தெருவே மூச்ச அடக்கிக்கினு இருந்துச்சி. ஒரு நாளு குழலி, "அத்த, ஒதைக்குது"ன்னுச்சாம். லோகாம்பாள் கைய வெச்சிப் பாத்துட்டு, வெச்ச கைய எடுக்கவே இல்லியாம். அடுப்புல கொழம்பு அடி புடிச்சிடுச்சாம். குழலியே எங்கிட்ட சொல்லிச்சி.

ஆறு போச்சி, ஏழு போச்சி, எட்டும் போச்சி. பங்குனி உத்திரம் வந்துச்சி. தையல் பிரிக்க வர வாரம் வான்னு சொல்லியிருந்தாங்க. ஆனா அதுக்கு முன்னாடி வலி வந்தா ஒரு நிமிசம் நிக்காம ஓடி வந்துடணும், தையலோட வலி கூடாதுன்னு பயமுறுத்தி வெச்சிருந்தாங்க. வலி எப்ப வரும்? ஊர்ல திருவிழா, தெரு பூரா ஜனம், அப்பத்தானே வரும்! மத்தியானம் ஸ்டேண்டுல நிக்கறேன், லோகாம்பாள் தல அவுந்து ஓடி வருது. பிளஷர் காரு கல்யாணத்துக்குப் போயிருக்குது. பரசுராமன், "ஏறுங்கம்மா ஏறுங்கம்மா"ங்கறான். அந்தம்மா அவன ஒரு பார்வ பாத்துச்சி. "சும்மா இருடா, நாக்க கடிச்சிக்கிற வண்டி ஒண்ணு வெச்சிக்கினு! கண்ணாயிரம், வண்டியக் கட்டுப்பா"ன்னுச்சி.

பான்னுச்சி சார், பா! அத்தன பேரு எதுர்ல!

ஏத்திக்கினு கெளம்பினோம். ஒரு பக்கம் லோகாம்பாள், "மெள்ளப் போ, மெள்ள!" இன்னொரு பக்கம் குழலி, "சீக்கிரம்ண்ணா, சீக்கிரம்!" உமாபதி நடுவுல கண்ண மூடிக்கினு தேவாரம் சொல்றான். நான் எதக் கேக்கறது? தெரு திரும்பினா, எதுர்ல சாமி வருது! முன்னால நாயனம். இந்த ரம்பை இருக்கறாளே, சின்ன வயசுல மாப்ள ஊர்வலத்துக்குப் போயி பழகினவ. நாயனம் கேட்டா நின்னுடுவா. நின்னா, தலய ஆட்டி ரசிப்பா. ஆட்ட ஆரம்பிச்சிட்டா! சாட்டைய எடுத்தேன், நகரல. கெஞ்சினேன், நகரல. உள்ள பொண்ணு கத்துது. லோகாம்பாள் குதிச்சிது பாருங்க கீழ! நேரா போயி நாயனக்காரரு முன்னால நின்னு, "நிறுத்துய்யா! என் பேரப்புள்ள வந்துக்கினு இருக்குது!"ன்னுச்சி. அந்தக் கொரலுக்கு நாயனம் நின்னுச்சி, மேளம் நின்னுச்சி, சாமி தூக்கறவங்க நின்னாங்க. ஐயரு, "வழி வுடுங்கோ, வழி வுடுங்கோ"ன்னாரு. அந்தம்மா ரம்பை கடிவாளத்தத் தன் கையால புடிச்சி, "வாடி என் ராசாத்தி"ன்னு இழுத்துக்கினு ஓடிச்சி. மூணு புள்ளய முழுங்கின குதிரய சார்! ராசாத்தின்னு!

சரியான நேரத்துக்குப் போயிட்டோம். டாக்டரம்மா தையல வெட்டினாங்க. பொட்டப் புள்ள. பொறந்ததும் கத்திச்சி பாருங்க, பாட்டி கொரலு, அப்பிடியே. ஆஸ்பத்திரியில எல்லாரும் பயந்துட்டாங்க. துணியில சுத்தி வெளிய கொண்டாந்தாங்க. உமாபதி வாங்கிக்கினு, நெய்ஞ்ச பொடவயில குத்தம் பாக்கற மாதிரி வெரலு வெரலா பாத்தான். ஒண்ணும் கெடைக்கல. லோகாம்பாள் என் பக்கம் திரும்பி, ஏதோ சொல்ல வந்துச்சி. வாய் தொறந்துச்சி, வார்த்த வரல. அது வாயில வார்த்த வராம நான் பாத்தது அந்த ஒரே நாள்தான். சரிம்மா, சரிம்மான்னேன். வேற இன்னா சொல்றது?

அதோட முடிஞ்சிதுன்னு பாக்கறீங்களா? அங்கதான் சார் இப்பத்திய தலவலி! நான் இன்னா நெனச்சேன், பழி போச்சி, இனிமே ஒழுங்கா சவாரி வரும், கேக்கறவங்க கிட்ட டாக்டரம்மா பேரச் சொல்லலாம்னு. லோகாம்பாள் இப்ப தெருவுல நின்னு இன்னா சொல்லுது தெரியுமா? "கண்ணாயிரம் வண்டி ராசிடி! அந்தக் குதிர கனச்சா கர்ப்பம் தங்கும்!"

தங்குமாம்! இப்ப ஊர்ல இருக்கற புள்ளத்தாச்சிங்க எல்லாம் என் வண்டிதான் வேணும்னு நிக்குதுங்க. கோயில சுத்தி ஒரு நட ஓட்டுங்குதுங்க. ரம்பை வாலுலேர்ந்து முடி புடுங்கிக்கினு போயி தாயத்து கட்டுதுங்க சார், பாருங்க, வால் எப்பிடி ஆயிடுச்சின்னு! நான் கத்தறேன், அம்மாங்களா, குதிர ஒண்ணும் பண்ணல, தையல் போட்டது டாக்டரம்மா, எல்லாருக்கும் அதே காரணமும் இல்ல, போயி காட்டுங்க, காட்டுங்கன்னு. கேட்டாத்தானே? குலுக்குதுன்னு சொன்னப்பவும் நம்பினாங்க, கேக்காம. ராசின்னு சொல்றப்பவும் நம்பறாங்க, கேக்காம. இந்தப் பரசுராமன் இன்னா பண்றான் தெரியுமா, அவன் குதிரைக்கு ரம்பைன்னு பேரு வெச்சிருக்கான்! அது ஆண் குதிர சார்!

ஏய் ஏய், நில்லு... அதோ பாருங்க. கைய காட்டிக்கினு ஒரு அம்மா. கூட ஒரு பொண்ணு. சொன்னேனா இல்லியா?

இன்னாம்மா? ஆள் இருக்குதும்மா வண்டியில, பாத்தா தெரியல? கோயில சுத்தணுமா? ஒரே ஒரு சுத்தா? ஏம்மா, நீங்க மாமியாரா? கொஞ்சம் சும்மா இருங்க, நான் பொண்ணு கிட்டப் பேசறேன். எத்தனாவது மாசம்மா? ...நாலா? இதான் மொத தபாவா? ...

எத்தன தபா போச்சி?

...ரெண்டா. அதுவும் அஞ்சாம் மாசந்தானா.

சார். சார், தப்பா எடுத்துக்காதீங்க. இங்கேர்ந்து அந்த முக்குதான் கட. நேரா நடந்தா கோபுரம் தெரியும். பொட்டிய நான் எறக்கித் தரேன்... அட, ஏற்கெனவே எறங்கிட்டீங்களா! ஐயோ, சவாரிக் காசெல்லாம் வேணாம் சார், பாதி வழியில எறக்கி வுட்டுட்டு நான் எப்பிடி வாங்கறது? போயிட்டு வாங்க, நல்ல அரக்கு கலரா பாத்து எடுங்க, பொண்ணுக்கு நல்லா இருக்கும்.

ஏறும்மா, மெள்ள, அந்தப் படியப் புடிச்சிக்கோ. நீங்களும் ஏறுங்கம்மா. இல்லம்மா, கோயிலு அந்தப் பக்கம், தெரியும். நாம இந்தப் பக்கம் போறோம். கோயிலு எங்கயும் போயிடாது, டாக்டரம்மா ஒரு மணிக்கு மேல பாக்க மாட்டாங்க. கத்தாதீங்கம்மா, கத்தறதுல நீங்க ஒண்ணும் லோகாம்பாள் இல்ல.

இந்தாம்மா பொண்ணு. உள்ள போனதும் வாயத் தொறந்து நீயே சொல்லணும். மாமியா சொல்லட்டும்னு இருக்காத. வலிச்சிதா, வலிக்கலியா, மொதல்ல தண்ணி ஒடைஞ்சிதா, எப்பிடி ஆச்சி, எல்லாம். எங்கிட்ட இல்லம்மா, எங்கிட்ட இல்ல! நான் குதிர ஓட்டறவன். அவங்க கிட்ட சொல்லு.